பறை விழ வேண்டிய இடத்தில் கைத்தட்டல் கேட்டால்? சாம்ப்ளரில் டிரம் ஒலிகளை ஒழுங்காக அடுக்குவது எப்படி?

ஒரு காட்சியை மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். அம்மன் கோயில் திருவிழா. இரவு பத்தரை மணி. மேடையில் இன்னிசைக் கச்சேரி. மெலடிப் பாட்டு ஒன்று முடிந்து கைத்தட்டல் அடங்கும் முன்பே, ‘குத்துப் பாட்டு போடுங்கப்பா’ என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். பாடகர் திரும்பி, ரிதம் பேட் வாசிப்பவரிடம் பாட்டின் பெயரை மட்டும் சொல்கிறார். கீபோர்டுக்காரர் தலையாட்டிவிட்டார். ஒன், டூ, த்ரீ, ஃபோர் எண்ணியாச்சு. பேட்காரர் அவசரமாக கிட் எண்ணை மாற்றி, குச்சியை இறக்குகிறார். பறை அதிர வேண்டிய இடத்தில், பழைய டிஸ்கோ பாட்டுக்காக ஏற்றி வைத்திருந்த கைத்தட்டல் ஒலி ‘சப்’பென்று விழுகிறது. அதுவும் மற்ற ஒலிகளை எல்லாம் அமுக்கும் சத்தத்தில்.

அவருக்குத் தாளம் தெரியாமல் இல்லை. கையும் சரியான இடத்தில்தான் விழுந்தது. அதாவது, போன கிட்டில் பறை எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில். இந்த கிட்டில் அது வேறு இடத்தில் இருந்தது, அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒலிகளை அடுக்கிய விதத்தில் இருந்த கோளாறு, ஆயிரம் பேர் முன்னால் அவருடைய தவறாகப் போய்விட்டது.

சாம்ப்ளர் என்றால் என்ன?

கீபோர்டில் வரும் ஒலி பெரும்பாலும் கம்பெனி கொடுத்தது. சாம்ப்ளர் அப்படி இல்லை. நீங்கள் பதிவு செய்த எந்த ஒலியையும் அதில் ஏற்றலாம். ஏற்றிய ஒவ்வொரு சிறு ஒலித்துண்டுக்கும் பெயர் ‘சாம்பிள்’. அதை ஒரு ரப்பர் பேடுடன் இணைத்துவிட்டால், பேடில் தட்டும்போதெல்லாம் அந்த ஒலி வரும். ஒரே நேரத்தில் கைக்கு வேண்டிய ஒலிகளின் தொகுப்புதான் ‘கிட்’. ஒரு பொத்தானை அழுத்தினால் கிட் மாறும். அதே பேடுகளில் வேறு ஒலிகள் வந்து உட்காரும்.

நம்மூரில் இந்த வகை இயந்திரம் எதுவாக இருந்தாலும் ‘ஆக்டோபேட்’ என்று சொல்லிவிடுவார்கள். 1985-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த எட்டு பேடு கருவியின் பெயர் அது. சுவாரசியம் என்னவென்றால், அந்த முதல் ஆக்டோபேடில் சொந்தமாக ஒலியே கிடையாது. தட்டினால் ‘மிடி’ வழியாக இன்னொரு கருவிக்குத் தகவல் அனுப்பும். ஒலி அங்கிருந்து வரும். பிறகு எஸ்பிடி-20 போன்ற மாடல்கள் உள்ளேயே ஒலிகளுடன் வந்து, இந்திய மேடைகளில் நிரந்தரமாக இடம்பிடித்தன. இன்றைக்கு மேடைகளில் அதிகம் கண்ணில் படும் எஸ்பிடி-எஸ்எக்ஸ், நம் ஒலிகளை நாமே ஏற்றிக்கொள்ளக்கூடிய சாம்ப்ளர். ஒன்பது பேடுகள், நூறு கிட்டுகள். குச்சியால் அடிக்காமல் விரலால் தட்டி வாசிப்பவர்கள், குறிப்பாக வீட்டில் பீட் செய்யும் இளைஞர்கள், அகாய் நிறுவனத்தின் எம்பிசி பக்கம் போகிறார்கள். அதில் நாலுக்கு நாலு என்று 16 பேடுகள்.

இடம் தாராளம், குழப்பமும் தாராளம்

1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரில் மொத்தமே பத்து நொடி ஒலியைத்தான் ஏற்ற முடியும். நியூயார்க்கின் ஹிப் ஹாப் இசையை வடிவமைத்த கருவிகளில் ஒன்று அது. பத்து நொடிக்குள் ஒரு பாட்டுக்கான எல்லாவற்றையும் அடக்க, 33 சுழற்சியில் ஓட வேண்டிய இசைத்தட்டை 45-ல் ஓட்டிப் பதிவு செய்து, பிறகு இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள். அதில் வந்த லேசான கரகரப்பே பின்னாளில் ஒரு தனி ருசியாகிவிட்டது. அடுத்த வருடம் ரோஜர் லின் வடிவமைத்து அகாய் வெளியிட்ட எம்பிசி-60-ல் சுமார் 13 நொடி. எந்த கிக், எந்த ஸ்நேர் என்று யோசித்து யோசித்துத்தான் ஏற்ற வேண்டும். குப்பை சேர இடமே இல்லை.

இப்போது கணக்கே வேறு. சிடி தரத்தில் ஸ்டீரியோ ஒலி ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. எஸ்பிடி-எஸ்எக்ஸின் முதல் மாடலில் இருந்த 2 ஜிபிக்கே மூன்று மணி நேர ஒலி பிடிக்கும். டிரம் அடி ஒவ்வொன்றும் ஒரு நொடிதான் என்றால் எத்தனை அடிகள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நண்பர் கொடுத்த பென் டிரைவ், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தொகுப்பு, பழைய கச்சேரியில் பதிவு செய்தது என எல்லாம் உள்ளே போகும். ‘கிக் நியூ’, ‘கிக் நியூ 2’, ‘கிக் பைனல்’, ‘கிக் பைனல் ஒரிஜினல்’ என்று வரிசையாக நிற்கும். எது எதற்கு என்று ஏற்றியவருக்கே மூன்று மாதத்தில் மறந்துபோகும்.

முதல் விதி: ஒலி மாறலாம், இடம் மாறக் கூடாது

சைக்கிள் ஓட்டுபவர் பிரேக் எங்கே என்று குனிந்து பார்ப்பதில்லை. பேட் வாசிப்பதும் அப்படித்தான். கை ஒரு இடத்தைப் பழகிவிட்டால் மூளையைக் கேட்காது. அதனால் கிட் அடுக்கும்போது ‘இந்த பேடில் எந்த ஒலி?’ என்று கேட்பதைவிட, ‘இந்த பேடுக்கு என்ன வேலை?’ என்று கேட்பதே சரி.

ஒன்பது பேடு இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். மேல் வரிசையில் மூன்று ஒல்லியான பேடுகள், கீழே ஆறு பெரிய பேடுகள். கீழ் வரிசையின் நடு பேடு எப்போதும் கனமான ஒலிக்கு என்று முடிவு செய்கிறோம் என்று வையுங்கள். டிரம்ஸ் கிட்டில் அங்கே கிக் இருக்கும். தவில் கிட்டில் குச்சியால் அடிக்கும் தொப்பி. தபேலா கிட்டில் இடது கைப் பாயா. பறை கிட்டில் தோலின் நடுவில் விழும் அடி. அதன் வலது பக்க பேடு, பளிச்சென்று கேட்கும் முதன்மைத் தட்டுக்கு: ஸ்நேர், தவிலின் வலந்தலை, தபேலாவின் ‘நா’, பறையின் ஓர அடி. நடு வரிசையை ஹை-ஹாட், ஷேக்கர், மோர்சிங் மாதிரி தாளத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும் ஒலிகளுக்கு விடலாம். மேலே உள்ள ஒல்லி பேடுகளுக்கு எப்போதாவது ஒருமுறை வருபவை: கிராஷ், கைத்தட்டல், குலவை, ‘ஹே’ சத்தம். அவசரத்தில் கை தவறினாலும் கைத்தட்டல் வந்து விழாத இடம் அது.

இந்த வரிசைதான் சரி என்று யாரும் சட்டம் போடவில்லை. இடது கைப் பழக்கம் உள்ளவர் அப்படியே திருப்பிப் போடலாம். ஆனால் ஒருமுறை முடிவு செய்தபின் நூறு கிட்டிலும் அதுவே இருக்க வேண்டும். ‘இந்தப் பாட்டுக்கு மட்டும் மாத்திக்கிறேன்’ என்று ஆரம்பித்தால் போச்சு.

உலக அளவில் இப்படி ஒரு பொது ஒப்பந்தம் ஏற்கெனவே உண்டு. 1991-ல் வந்த ‘ஜெனரல் மிடி’ தரத்தின்படி டிரம்ஸ் ஒலிகளுக்குப் பத்தாவது சேனல். அதில் 36 என்ற எண் கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹாட், 46 திறந்த ஹை-ஹாட், 49 கிராஷ். ஒரு ஊரில் செய்த தாளக் கோப்பை வேறு நாட்டில், வேறு கம்பெனி கருவியில் ஓட்டினாலும் கிக் வர வேண்டிய இடத்தில் கிக்கே வருவதற்கு இதுதான் காரணம். கணினியோடு சேர்த்து வேலை செய்கிறவர்கள் தங்கள் கிட்டையும் இந்த எண்களோடு பொருத்தி வைத்தால் பின்னாளில் தலைவலி குறையும். தவிலுக்கும் பறைக்கும் இந்தப் பட்டியலில் தனி எண் கிடையாது. அங்கேதான் அவரவர் சொந்த ஒப்பந்தம் தேவைப்படுகிறது.

சத்தம் ஏன் ஏறி இறங்குகிறது?

இடத்துக்கு அடுத்து அதிகம் படுத்துவது லெவல். ஒரு கிட்டில் கிக் மெதுவாக, அடுத்த கிட்டில் அதே கிக் நெஞ்சில் இடிக்கிற மாதிரி. மிக்ஸர் முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஃபேடரைத் தூக்கி இறக்கிக்கொண்டே இருப்பார். கச்சேரி முடிந்ததும் அவர் முதலில் திட்டுவது பேட்காரரைத்தான்.

பலரும் இதற்குச் செய்யும் வைத்தியம், கணினியில் எல்லா சாம்பிளையும் ‘நார்மலைஸ்’ செய்வது. அதாவது ஒவ்வொரு ஒலியின் உச்சப் புள்ளியையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவது. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் காது உச்சியை மட்டும் கேட்பதில்லை. ஒலி எவ்வளவு நேரம் நிரம்பி நிற்கிறது என்பதையும் சேர்த்துத்தான் ‘சத்தம்’ என்று உணர்கிறது. டக்கென்று வெட்டி மறையும் ரிம் ஷாட்டையும், ‘தொம்’மென்று இழுக்கும் தொப்பி ஒலியையும் ஒரே உச்சத்துக்கு ஏற்றினால், தொப்பியே பெரிதாகக் கேட்கும். நார்மலைஸ் செய்தும் லெவல் சரியாக வராமல் குழம்பிப்போகிறவர்களுக்கு விடை இதுதான்.

நம்பகமான வழி கொஞ்சம் பழைய பாணி. ஒரு கிட்டை ‘தாய் கிட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒலிகளைத் திருப்தியாகும்வரை காதால் சரிசெய்யுங்கள். இயந்திரத்தின் உச்ச அளவுக்கு ஏற்றிவிடாமல் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது முக்கியம்; இரண்டு மூன்று பேடுகளைச் சேர்த்து அடிக்கும்போது ஒலிகள் கூடும், இடம் இல்லையென்றால் உடையும். பிறகு புதிதாக வரும் ஒவ்வொரு கிட்டையும் இந்தத் தாய் கிட்டோடு மாற்றி மாற்றி அடித்துப் பாருங்கள். ஹெட்போனில் மட்டும் பார்த்தால் கிக் ஏமாற்றும். ஒருமுறையாவது பெரிய ஸ்பீக்கரில் கேட்டுவிட வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் கையைக் கெடுப்பது: சாம்பிளின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் மௌனம். பதிவு பட்டனை அழுத்தியதற்கும் அடித்ததற்கும் இடையில் விழும் இடைவெளி அது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஆக, 30 மில்லி செகண்ட் மௌனம் என்பது, டிரம்மிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம். கிக்கில் இந்த மௌனம் இருந்து ஸ்நேரில் இல்லாவிட்டால், தாளம் நொண்டும். வாசிக்கிறவர் தன்னையே சந்தேகப்படுவார். கணினித் திரையில் ஒலி அலையைப் பெரிதாக்கி, அடி தொடங்கும் இடத்துக்கு ஒட்டி வெட்டிவிட்டால் முடிந்தது. கடைசியில் ‘டிக்’ சத்தம் வராமல் இருக்க, வால் பகுதியை மெதுவாக மங்கவிடுவது நல்லது.

வேண்டுமென்றே தாளத்தைத் தளர்த்தி வாசித்த மேதைகளும் உண்டு. அமெரிக்காவின் ஜே டில்லா அப்படி ஒருவர். அவருடைய எம்பிசி-3000 இப்போது வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அந்தத் தளர்ச்சி அவர் விரலிலிருந்து வந்தது. சாம்பிளை ஒழுங்காக வெட்டாததால் வந்தது அல்ல.

பறைக்குச் சூடு, தபேலாவுக்குச் சுருதி

நம் தோல் கருவிகளைச் சாம்பிளாக மாற்றும்போது, வெளிநாட்டு வழிகாட்டி வீடியோக்களில் சொல்லாத சில சிக்கல்கள் வரும்.

பறையை வாசிக்கும் முன் தீயில் காட்டுவார்கள். சூட்டில் தோல் இறுகி ஒலி ஏறும். ஆற ஆற இறங்கும். காலையில் நான்கு அடிகள், டீ குடித்துவிட்டு வந்து நான்கு அடிகள் என்று பதிவு செய்தால், கேட்பதற்கு இரண்டு வெவ்வேறு பறை மாதிரி இருக்கும். கிட்டுக்கு வேண்டிய எல்லா அடிகளையும் ஒரே சூட்டில், ஒரே மைக்கில், மைக்கை நகர்த்தாமல் எடுத்துவிட வேண்டும். கிட்டின் ஒருமைப்பாடு கணினியில் அல்ல, அந்தப் பத்து நிமிடத்தில்தான் உருவாகிறது. தவிலும் அப்படியே. விரல்களில் கூடு போட்டு அடிக்கும் வலந்தலையையும் குச்சியால் அடிக்கும் தொப்பியையும் வெவ்வேறு தவிலிலிருந்து எடுத்து ஒட்டினால், காது உடனே கண்டுபிடித்துவிடும்.

தபேலாவுக்குச் சுருதி. ஆண் பாடகர் ஒரு கட்டையில் பாடும் பாட்டுக்குச் சேர்த்த தபேலா, பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடும்போது ஒட்டாமல் தனியாக நிற்கும். கணினியில் சுருதியை ஏற்றி இறக்கலாம்தான். ஓரிரு அரை ஸ்வரம் வரைக்கும் தாங்கும்; அதற்கு மேல் இழுத்தால் தபேலா பிளாஸ்டிக் டப்பா மாதிரி ஆகிவிடும். எனவே இரண்டு மூன்று சுருதிகளில் தனித்தனியாகப் பதிவு செய்து, தனித்தனி கிட்டாக வைத்து, கிட்டின் பெயரிலேயே கட்டையைக் குறித்துவிடுவது நல்லது. இதில் சோம்பல் பட்டால் மேடையில் பாடகரின் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

வேகமான உருட்டல் வரும்போது ஒரே சாம்பிள் திரும்பத் திரும்ப ஒலித்தால் இயந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்கும். மனிதக் கை இரண்டு அடியை ஒரே மாதிரி அடிப்பதில்லை. இதற்கு எளிய தீர்வு, கீழ் வரிசையின் இடது பேடில் அதே அடியின் இன்னொரு பதிவை வைப்பது. வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. கேட்பவருக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் உயிர் இருப்பதாகத் தோன்றும்.

திறந்த ஹை-ஹாட் ஒலித்துக்கொண்டிருக்கும்போது மூடிய ஹை-ஹாட்டை அடித்தால் முதல் ஒலி உடனே நிற்க வேண்டும். உண்மையான டிரம்ஸில் அப்படித்தான் நடக்கும். இதற்காகச் சாம்ப்ளரில் ‘மியூட் குரூப்’ என்ற வசதி இருக்கிறது. இரண்டு பேடுகளையும் ஒரே குழுவில் போட்டால் போதும். எல்லா கிட்டிலும் ஹை-ஹாட்டுக்கு ஒரே குழு எண்ணையே பயன்படுத்துங்கள்.

பெயர் வைப்பதில் என்ன இருக்கிறது?

இயந்திரத்தின் குட்டித் திரையில் சில எழுத்துகள்தான் தெரியும். எனவே முதல் மூன்று எழுத்திலேயே கருவி தெரிந்துவிட வேண்டும்: கிக்குக்கு ஒன்று, பறைக்கு ஒன்று, தவிலுக்கு ஒன்று. அடுத்து எந்த அடி, கடைசியில் எண். எண்ணை 1, 2 என்று போடாமல் 01, 02 என்று போடுங்கள். இல்லாவிட்டால் பல இயந்திரங்கள் 1-க்கு அடுத்து 10-ஐ வைத்து, 2-ஐ எங்கோ கீழே தள்ளிவிடும்.

அடுத்தது ஒரு கண்ணிவெடி. எஸ்பிடி-எஸ்எக்ஸ் போன்ற இயந்திரங்களில் சாம்பிள்கள் எல்லாம் ஒரு பொதுக் கிடங்கில் இருக்கும். கிட்டுகள் அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துப் பயன்படுத்துகின்றன. பத்து கிட்டுகளில் ஓடும் ஒரு கிக்கை, ‘இது வேண்டாம்’ என்று ஒரு இடத்தில் அழித்தால், பத்து கிட்டிலும் அந்த பேடு ஊமையாகிவிடும். கச்சேரிக்கு முந்தைய இரவு சுத்தம் செய்யும் வேலையை ஆரம்பிக்கவே கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இணையத்திலிருந்து எடுக்கும் தொகுப்புகளில் எதை எங்கே பயன்படுத்தலாம் என்று உரிம விவரம் இருக்கும். படித்துப் பார்ப்பது நல்லது. சினிமா பாட்டிலிருந்து தாளத் துண்டை அப்படியே வெட்டி எடுத்து உங்கள் பாடலில் வெளியிட்டால் விஷயம் வேறு. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கான காப்புரிமை, அது வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும்.

யாருடைய கை?

ஒழுங்காக அடுக்கிய ஒரு பெட்டி, டிரம்ஸ், தபேலா, டோலக், தவில், பறை எல்லாவற்றையும் ஒரே ஆளின் கையில் கொடுத்துவிடுகிறது. கச்சேரி ஏற்பாடு செய்பவருக்கு வண்டியில் இடம் மிச்சம், சாப்பாட்டுப் பொட்டலம் மிச்சம், சம்பளமும் மிச்சம். மேடையில் உட்கார்ந்திருக்க வேண்டிய மற்றவர்கள் எங்கே என்ற கேள்வி இருக்கத்தான் செய்கிறது. பேட் வாசிப்பவரைக் குறை சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை. அவருக்கும் பிழைப்பு அதுதான். ஆனால் பறை கிட் ஒன்றைப் புதிதாகத் தயாரிக்கும்போது, யாரோ பதிவேற்றிய அநாமதேயக் கோப்பை இறக்கிக்கொள்வதைவிட, ஊரில் வாசிக்கிறவரை அழைத்து, கூலி கொடுத்து, அவர் கையால் பதிவு செய்வது எல்லா வகையிலும் மேல். ஒலியும் நன்றாக வரும். கோப்பின் பெயரில் அவர் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துவிடலாம். இருக்கும் எழுத்துகளிலேயே அதற்கு இடம் கிடைக்கும்.

வாடகைப் பெட்டியில் வாசிக்கும்போது

வெளியூர்க் கச்சேரிகளில் பலநேரம் சொந்தப் பெட்டி கையில் இருக்காது. அங்கே இருக்கும் வாடகைப் பெட்டியில்தான் வாசிக்க வேண்டியிருக்கும். அதனால் கிட்டுகள் எல்லாவற்றையும் பென் டிரைவில் முழுதாகச் சேமித்து, அதன் இன்னொரு பிரதியைக் கணினியிலும் வைத்திருப்பது அவசியம். ஆனால் முழுச் சேமிப்பை வேறொரு பெட்டியில் ஏற்றும்போது, அதில் முன்பு இருந்தவை மொத்தமாக அழிந்துவிடும். அந்தப் பெட்டிக்காரரும் தன் நூறு கிட்டையும் இப்படித்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து அடுக்கியிருப்பார். எனவே முதலில் அவருடையதை ஒரு காலி பென் டிரைவில் சேமித்து, பெயர் எழுதி, அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு உங்களுடையதை ஏற்றி, சவுண்ட் செக்கில் தாய் கிட்டை எடுத்து, ஒன்பது பேடையும் ஒருமுறை வரிசையாகத் தட்டிப் பாருங்கள்.